கூட இருக்க ஓர் ஆள்

திருவனந்தபுரத்து அரசு ஆஸ்பத்திரிகளில் நோயாளியைக் கட்டிலில் கிடத்தியதும் சிஸ்டர் முதலில் விசாரிப்பது நோயைப் பற்றி இருக்காது. "கூட ஆராணு?" என்பார். யாரும் இல்லை என்றால் அட்மிஷனை மறுக்க மாட்டார்கள். ஆனால் அந்த நிமிஷம் முதல் அந்தக் கட்டில் வார்டுக்கே தலைவலி. நான் சுகாதாரத் துறையில் எல்.டி. கிளார்க்காகச் சேர்ந்து ஜூனியர் சூப்பரின்டெண்டாக ஓய்வு பெற்றவன். பார்வையாளர் நேரத்தை மாற்று, பாஸ் கட்டணத்தைக் கூட்டு, வார்டில் கூட்டத்தைக் குறை என்று வந்த கடிதங்களுக்கெல்லாம் ஃபைல் போட்டவன். வீடு வலியசாலை அக்ரஹாரத்தில். ஆகவே கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று கெஞ்சியவர்களில் பலர் எனக்கு மாமா, மாமி, சித்தப்பா முறை.

சாலைக் கம்போளத்தின் இரைச்சல் அடங்குகிற இடத்தில், கிள்ளியாற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் தெரு. ராஜராஜனின் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச் சாலை இதுதான் என்று ஊரில் சொல்வோம். அந்தச் சண்டையை சரித்திரக்காரர்களுக்கு விட்டுவிடுகிறேன். சிவன், விஷ்ணு, பிரம்மா மூவருக்கும் சன்னதி உள்ள கோயில், அதையொட்டிச் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் மூன்று வீட்டில் தும்மல் வரும். எங்களில் பெரும்பாலோரின் வேர் திருநெல்வேலிப் பக்கமோ நாஞ்சில் நாட்டுப் பக்கமோதான். பெண் கொடுத்ததும் எடுத்ததும் இன்றும் அங்கேதான். ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடந்தால் தெருவில் பாதி கிளம்பிவிடும். மறுநாள் காலை நாகர்கோவில் பஸ்ஸில் மீதி வந்து இறங்கும்.

கவுண்டரில் நாங்கள் கொடுத்த பாஸ் இரண்டு வகை. சாயங்காலம் வந்து நலம் விசாரித்துவிட்டுப் போகிறவர்களுக்கு ஒன்று. ராப்பகல் நோயாளியோடு தங்குகிற ஒருவருக்கு இன்னொன்று. அதற்குப் பைஸ்டாண்டர் பாஸ் என்று பெயர். வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு இருவரும் கூட்டம்தான். ஃபைலில் மட்டும் இருவரும் வேறு. பெருந்தொற்றுக் காலத்தில் நடந்த துன்பங்களில் பெரும் பகுதி இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டி வெளியே தள்ளியதால் வந்தது என்பது என் அபிப்பிராயம். அதைச் சொல்லத்தான் பழைய கதைக்குப் போகிறேன்.

முதலில், கூட்டிருப்பவர் என்ன செய்கிறார் என்று தெரிய வேண்டும். பிளாஸ்க், பாய், ஒரு பக்கெட், ஜன்னல் கம்பியில் தொங்கும் துணிப்பை இவ்வளவுதான் அவர் சொத்து. காலையில் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது வராந்தாவுக்கு விரட்டப்படுவார். ரவுண்ட்ஸ் முடிந்ததும் சீட்டோடு ஓட்டம் தொடங்கும். ரத்த சாம்பிளை லேபுக்குக் கொண்டுபோவது, நியாய விலை மருந்துக்கடை வரிசை, எக்ஸ்ரேக்கு டிராலி தள்ளுவது, கஞ்சி வாங்கி வந்து ஆற்றிப் புகட்டுவது, பெட்பான் வைப்பது. படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைப்பதும் நடைமுறையில் அவர் தலையில்தான். ராத்திரி கட்டிலுக்கடியில் பாயை விரித்துப் படுத்து, டிரிப் பாட்டிலில் கடைசி விரற்கடை இறங்கும்போது எழுந்துபோய் சிஸ்டரைக் கூப்பிடுவார். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. அந்தக் கணக்கு நடப்பில் இருக்கும் பொது வார்டை என் சர்வீஸில் நான் பார்க்கவில்லை. பற்றாக்குறையைச் சம்பளமில்லாமல் நிரப்பியவர்கள் இந்தப் பாய்க்காரர்கள். மெடிக்கல் காலேஜ் வாசலில் மத்தியானம் பொதிச்சோறு கொடுக்கிறார்களே, அந்த வரிசையில் நோயாளிக்கு வாங்க வந்தவர்களோடு இவர்களும் நிற்பார்கள்.

ஆஸ்பத்திரி வருவதற்கு முன்பே எங்கள் தெருவுக்கு விசிட்டர் கட்டுப்பாடு தெரியும். அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து செருகினால் அதுதான் போர்டு. வெளியாள் வரக்கூடாது, வீட்டாள் எங்கும் போகக்கூடாது. தாளிக்கக்கூடாது, தலை வாரக்கூடாது, பிச்சைக்காரனுக்குக்கூட அரிசி போடக்கூடாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை இந்த நியமம். ஆனால் உள்ளே ஒருவர் இருப்பார். என் பாட்டி அப்படி நாலைந்து வீடுகளில் இருந்தவள். அவள் முகத்தில் சிறு வயது வைசூரியின் குழிகள் இருந்தன. ஒருமுறை கண்டவரை அது மறுபடி தீண்டாது என்று எல்லோருக்கும் தெரியும். "எனக்குத்தான் வந்து போயாச்சே" என்று சொல்லிக்கொண்டு பாயை எடுத்துக்கொண்டு போவாளாம். வேப்பிலையால் வருடிவிடுவது, இளநீர் ஊற்றுவது, ராத்திரி கண் விழிப்பது எல்லாம் அவள். விசாரிக்க வருபவர்கள் தெருவிலேயே நின்று அவளிடம் கேட்டுக்கொண்டு திரும்புவார்கள். நுண்ணுயிரைப் பற்றி ஒன்றும் தெரியாத காலத்து ஏற்பாடு அது. பார்க்க வருபவரை நிறுத்தியது, கூட இருப்பவரைத் தேர்ந்தெடுத்து உள்ளே வைத்தது.

திருவிதாங்கூரில் ராணி கௌரி லக்ஷ்மி பாய் 1813-இல் அம்மை குத்தலைக் கொண்டுவந்தார். 1879-இல் ஓர் அரச விளம்பரம், அரசு ஊழியர்கள், பள்ளிப் பிள்ளைகள், கைதிகள் எல்லோருக்கும் அதைக் கட்டாயமாக்கியது. அதற்கிடையில் 1865-இல் ஆயில்யம் திருநாள் காலத்தில் இப்போதைய ஜெனரல் ஆஸ்பத்திரி வந்தது. அங்கே போய்ப் படுப்பதற்கு மேல்சாதிக்காரர்கள் லேசில் சம்மதிக்கவில்லை. தண்ணீர், சமையல், தீட்டு எல்லாம் குறுக்கே நின்றன. வீட்டிலிருந்து சாப்பாடும் ஆளும் வரலாம் என்றால்தான் காரியம் நடக்கும். ஆக, கூட்டிருக்கும் வழக்கம் வேரூன்றியதற்குப் பாசம் மட்டும் காரணமல்ல, ஜாதியும் ஒரு காரணம் என்பதை மறைப்பதில் அர்த்தமில்லை.

பிளேக் வந்தபோது அரசாங்கம் வேறு மாதிரி யோசித்தது. 1896-இல் பம்பாயில் நோயாளியை வீட்டிலிருந்து இழுத்துக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் அடைத்தார்கள். உள்ளே போனவர்கள் திரும்புவதில்லை, உடலை அறுக்கிறார்கள், எண்ணெய் எடுக்கிறார்கள் என்று வதந்தி. அந்த அக்டோபரிலேயே ஆலைத் தொழிலாளர்கள் ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரியைத் தாக்கினார்கள். 1897-இல் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. அதே ஆண்டு ஜூனில் புனேயில் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். பம்பாயில் நிலைமை கொஞ்சம் அடங்கியது எப்போது என்றால், ஒவ்வொரு சமூகமும் தனக்கென்று பிளேக் ஆஸ்பத்திரி நடத்தலாம், உறவுக்காரர்கள் நோயாளியோடு இருக்கலாம் என்று அரசு இறங்கி வந்தபோதுதான். பூட்டிய கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று சொல்ல நம்மாள் ஒருவர் உள்ளே இருந்தால் வதந்திக்குப் பாதி உயிர் போய்விடும்.

பம்பாயைப் பார்த்துத் திருவிதாங்கூரும் கொல்லம் ஆண்டு 1073-இல் தனக்கென்று ஒரு தொற்றுநோய்ச் சட்டம் போட்டுக்கொண்டது. அந்தச் சட்டம் ராஜ்யம் போய், மாநிலம் மாறியும் புத்தகத்தில் அப்படியே இருந்தது. 2020 மார்ச்சில் கேரள அரசு புதிய அவசரச் சட்டம் கொண்டுவந்தபோதுதான் அதற்கு ஓய்வு கொடுத்தார்கள். என்னைவிட நீண்ட சர்வீஸ்.

இங்கிலாந்தில் கதை நேர்மாறு. அங்கே ஆஸ்பத்திரி ஒழுங்கு என்றாலே விசிட்டரை வெளியே வைப்பதுதான். குழந்தைகள் வார்டிலேயே பெற்றோர் வாரத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்று இருந்த ஆஸ்பத்திரிகள் உண்டு. ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் 1952-இல் ஒரு சினிமா எடுத்தார்; ஆஸ்பத்திரியில் தனியாக விடப்பட்ட இரண்டு வயதுப் பெண் குழந்தை நாளுக்கு நாள் எப்படி ஒடுங்கிப் போகிறது என்பதைக் கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான் படம். டாக்டர்கள் கோபப்பட்டார்கள். 1959-இல் பிளாட் கமிட்டி பெற்றோரைத் தடையில்லாமல் விட வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. ஏறக்குறைய அதே சமயம் அமிர்தசரஸ் மனநோய் ஆஸ்பத்திரியில் டாக்டர் வித்யா சாகர் வளாகத்தில் கூடாரம் அடித்துக் குடும்பங்களை நோயாளிகளோடு தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி. 1957-இல் பாகாயத்தில் மனநல மையம் தொடங்கியபோது குடும்பத்தில் ஒருவர் கூடவே தங்க வேண்டும் என்பதை விதியாகவே வைத்தது. நாம் ஆள் பற்றாக்குறைக்காகச் சகித்துக்கொண்டதை அவர்கள் வைத்தியமாகவே செய்தார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் ஃபைல் பார்த்தவன் ஆக மாட்டேன். 2018 மே மாதம் கோழிக்கோட்டில் நிபா வந்தது. வௌவாலிடமிருந்து நோய் வாங்கியவர் முதல் நோயாளி மட்டும்தான். மற்றவர்களுக்கெல்லாம் மனிதரிடமிருந்து வந்தது, அதிலும் பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்குள். பேராம்பிரை தாலுகா ஆஸ்பத்திரி வார்டு, கோழிக்கோடு மெடிக்கல் காலேஜில் ஸ்கேன் எடுக்கக் காத்திருக்கும் நடைபாதை ஆகிய இடங்களில் முதல் நோயாளிக்குப் பக்கத்தில் தற்செயலாக நின்றவர்கள், வேறு யாருக்கோ துணையாக வந்தவர்கள் செத்தார்கள். அவரைக் கவனித்த நர்ஸ் லினி மே 21-ஆம் தேதி இறந்தார். உடல் வீட்டுக்குப் போகாமலே தகனம் ஆனது. அந்த நடைபாதைக் கூட்டத்தை நான் என் ஊர் ஆஸ்பத்திரியிலும் பார்த்திருக்கிறேன். ஒரு நோயாளிக்கு மூன்று பேர், மூன்று பேருக்கும் வேலை இல்லை, ஒருவர் நடைபாதையிலேயே முறுக்குப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருப்பார். 2020-இல் 'யாரும் வராதே' என்று சொன்ன அதிகாரிகளின் கண்முன் இருந்தது நிபாதான். அவர்கள் பயத்தில் நியாயம் இருந்தது.

2020 ஜனவரி 30-ஆம் தேதி இந்தியாவின் முதல் கோவிட் நோயாளி திருச்சூரில் உறுதியானார். மார்ச்சில் களியக்காவிளையில் எல்லையை மூடினார்கள். நாகர்கோவில் பஸ் நின்றது. எங்கள் தெருவின் பாதிச் சொந்தம் அந்தப் பக்கம் போய்விட்டது. ஜூலை 6-ஆம் தேதி காலை ஆறு மணிக்கு நகரத்தில் டிரிப்பிள் லாக்டவுன். பூந்துறையில் கமாண்டோ போலீஸ், சாலைக் கம்போளத்தில் கடைகள் அடைப்பு, காரியவட்டம் கிரிக்கெட் ஸ்டேடியத்தில் கட்டில் வரிசை. ஆம்புலன்ஸ் வந்தால் நோயாளி மட்டும் ஏறுவார். வாசலில் வீட்டார் கையசைப்பார்கள். வீட்டாரும் குவாரண்டைனில், வாசற்படி தாண்ட முடியாது.

பக்கத்து வரிசையில் ஒரு மாமி. எழுபதைத் தாண்டியவர், காது மந்தம், இரண்டு பிள்ளைகளும் பெங்களூரில். நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தார்கள். எது என்று இங்கே வேண்டாம். மருந்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காதுக் கருவியின் பேட்டரி மூன்றாம் நாளோ நாலாம் நாளோ தீர்ந்தது. அதை மாற்றத் தெரிந்தவர் வீட்டில் அவர் கணவர். உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம் என்றால் எல்லோர் வாயிலும் மாஸ்க். பிள்ளை போன் செய்தால் மணி அடிப்பது கேட்காது, கேட்டாலும் பேச்சு விளங்காது. சிஸ்டர்கள் கேட்டதற்கெல்லாம் தலையாட்டியிருக்கிறார். பசிக்கிறதா என்று கேட்டதற்கு 'வேண்டாம்' என்கிறார் என எடுத்துக்கொண்டார்கள். நெகட்டிவ் ஆகி வந்தபோது பல் செட் இல்லை, எடை பாதி. கவரில் செல்போனும் சார்ஜரும் சுற்றிய மேனிக்கு இருந்தன.

"அவாளைச் சொல்லப்படாது அம்பி. நன்னாத்தான் பாத்துண்டா. ஆனா ஆரு டாக்டர், ஆரு நர்ஸ், ஒண்ணும் தெரியலை. எல்லாரும் வெள்ளைச் சாக்குக்குள்ளே. ராத்திரி நான் நாகர்கோவில்லே எங்க அப்பா ஆத்திலே இருக்கேன்னு நெனச்சுண்டு எழுந்து நடந்திருக்கேன். கட்டிலோட கட்டிட்டா" என்றார். வயதானவர்களுக்கு ஆஸ்பத்திரியில் வரும் இந்தப் பிதற்றலுக்கு டெலிரியம் என்று பெயர். தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் அதைத் தடுக்க உலகமெங்கும் பின்பற்றும் ஆங்கில எழுத்து வரிசைப் பட்டியலில் கடைசி அம்சமே குடும்பத்தை ஈடுபடுத்துவதுதான். தெரிந்த முகம், தெரிந்த குரல், கண்ணாடி, காதுக் கருவி: இவை மருந்துச் சீட்டில் ஏறாத மருந்துகள்.

ஊரை உலுக்கிய சம்பவம் 2020 செப்டம்பர் கடைசியில் வந்தது. வட்டியூர்க்காவுக்காரர் ஒருவர், கீழே விழுந்து அடிபட்டுத் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜில் சேர்ந்தவர். அங்கே கோவிட் பாசிட்டிவ் ஆனார். கூட இருந்த பிள்ளைகளைக் குவாரண்டைனுக்கு அனுப்பினார்கள். நெகட்டிவ் ஆகி வீடு வந்தபோது உடம்பில் படுக்கைப் புண், புண்ணில் புழு. படத்தைப் பார்த்த யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. அரசு விசாரித்து ஒரு டாக்டரையும் இரண்டு ஹெட் நர்சுகளையும் சஸ்பெண்ட் செய்தது. டாக்டர்கள் ஓ.பி.யைப் புறக்கணித்தார்கள், நர்சுகள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். இருக்கிற ஆளைக் கோவிட் வார்டுக்கும் மற்ற வார்டுக்கும் பிரித்துவிட்டு, பைஸ்டாண்டரையும் எடுத்துவிட்டால் யார் புரட்டிப் போடுவது என்பது அவர்கள் கேள்வி. சில நாளில் சஸ்பென்ஷன் திரும்பப் பெறப்பட்டது. இரண்டு பக்கமும் கத்தியதில் ஒரு விஷயம் வெளியே வந்துவிட்டது: இத்தனை வருஷம் அந்த வேலையைச் செய்தது யார் என்பது.

அக்டோபர் தொடக்கத்திலேயே உத்தரவு மாறியது. உதவி தேவைப்படும் கோவிட் நோயாளிக்குக் கூட்டிருக்க ஒருவரை அனுமதிக்கலாம், தேவையா என்பதை ஆஸ்பத்திரியின் கோவிட் போர்டு முடிவு செய்யும், எழுத்துமூலம் சம்மதம் வேண்டும், பி.பி.இ. கிட் கொடுக்க வேண்டும். கோவிட் வந்து குணமான உறவினருக்கு முன்னுரிமை. கடைசி வரியை நான் இரண்டு தரம் படித்தேன். சுகாதார மந்திரி ஷைலஜா டீச்சர் கையால் வந்த உத்தரவு, எங்கள் பாட்டியின் உத்தியோகத்துக்கு அரசாங்க முத்திரை.

இறந்தவர் விஷயத்தில் இன்னும் தாமதம் ஆயிற்று. 2021 மே மாதம் தைக்காடு சாந்திகவாடத்தில் தகனத்துக்கு முறை வைத்துக் காத்திருக்க வேண்டி வந்தது. எங்கள் தெருவில் வாத்தியார் போனில் மந்திரம் சொல்ல, பெங்களூரில் பிள்ளை கூடவே சொல்லிக் காரியம் செய்தான். முகம் பார்க்கவில்லை என்பதால் அது காரியம் ஆகுமா என்று கேட்டவர்கள் உண்டு. வாத்தியார் ஆகும் என்றார், கேட்டவர்கள் ஒப்பவில்லை. அந்த வருஷம் நடுவில்தான் கோவிட்டில் இறந்தவர் உடலை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு மணி நேரத்துக்கு உட்பட்டுச் சடங்கு செய்யலாம் என்று முதலமைச்சர் அறிவித்தார். அதற்குள் எங்கள் தெருவில் அழுது முடித்திருந்தார்கள், அல்லது அழாமலே விட்டிருந்தார்கள்.

2025 ஜூலையில் மலப்புறம், பாலக்காட்டில் நிபா மறுபடி தலைகாட்டியது. இந்த முறை சுகாதாரத் துறை சொன்னதைக் கவனித்துப் படித்தேன். அவசியமில்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போகாதீர்கள், நலம் விசாரிப்பதைத் தவிருங்கள். நோயாளியோடு ஒருவர் மட்டும் இருக்கலாம், இருவரும் மாஸ்க் போடுங்கள். ஒருவர் மட்டும் என்றார்கள், ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. என் மேசையில் இருந்த இரண்டு பாஸ்களும் கடைசியில் இரண்டாகவே உத்தரவில் ஏறிவிட்டன.

அந்த ஒருவர் யார் என்பதில்தான் எங்கள் தெருவுக்கு இப்போது சிக்கல். பிள்ளைகள் பெங்களூரிலும் துபாயிலும். ஹோம் நர்ஸ் ஏஜென்சிக்குப் போன் செய்தால் நெய்யாற்றின்கரையிலிருந்தோ இடுக்கியிலிருந்தோ ஒரு சேச்சி வருகிறாள். ராத்திரிக்குத் தனி ரேட், பெட்பானுக்குத் தனிப் பேச்சு. போன மாதம் எதிர்வீட்டு மாமாவைச் சேர்த்தபோது பாஸ் வாங்க நான்தான் கூடப் போனேன். படிவத்தில் 'நோயாளிக்கு உறவு' என்று ஒரு கட்டம். சேச்சி 'ஹோம் நர்ஸ்' என்று எழுதினாள். கவுண்டரில் இருந்த பையன் அது உறவு ஆகாது என்று அடித்துவிட்டு, நெருங்கிய சொந்தம் வந்தால்தான் பாஸ் என்றான். பின்னால் வரிசை நீண்டது. மாமா தனியாக டிராலியில். நான் பேனாவை வாங்கி 'மகள்' என்று எழுதிக் கொடுத்தேன், சீல் விழுந்தது.